ஜான் நியூபோர்ட் லாங்லி

ஜான் நியூபோர்ட் லாங்லி (நவம்பர் 2, 1852 – நவம்பர் 5, 1925) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை முதலான, நமது விருப்பத்தைக் கேளாமலே நடைபெறும் உடற்செயல்களை ஆளும் நரம்புகளுக்குத் தன்னியக்க நரம்புத் தொகுதி என்று பெயரிட்டவர் இவரே. நிக்கொட்டின், குராரி போன்ற நஞ்சுகள் தசையில் செயற்படுவது நரம்பின் முனை மீது அன்று, நரம்பை அடுத்துள்ள தசையில் அமைந்த ஒரு தனிப்பொருளின் மீதே என்பதை 1905 ஆம் ஆண்டில் சோதனைகள் வழியாகக் காட்டினார். அதனை ஏற்புப் பொருள் என்று அழைத்தார். இன்று அது ஏற்பி எனப்படுகின்றது. மருத்துவர்கள் ரிசெப்டர் என்று குறிப்பிடுவதும் இதையே.

லாங்லியின் காலத்தில் ஏற்பியை எவரும் கண்ணால் கண்டதில்லை. அது புரதம் என்பதும் அப்போது தெரியாது. ஆயினும் அது எங்கே உள்ளது என்பதையும், உயிரணுவுக்கு உயிரணு அது வேறுபடும் என்பதையும் இவர் சரியாகவே உய்த்துணர்ந்தார். கருவில் வளரும் நரம்புத் தொகுதியில் ஏற்பிகள் பல வகையாய் இருப்பது பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கு வேர் இவருடைய பணியில் உள்ளது.

இளமையும் கல்வியும்

லாங்லி இங்கிலாந்தின் பெர்க்சயர் பகுதியில் உள்ள நியூபரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். முதலில் வீட்டிலும், பின்னர் எக்செட்டர் நகரத்துப் பள்ளியிலும் பயின்றார். 1871 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்தார்.

தொடக்கத்தில் இவர் அறிவியல் பயிலவில்லை. இங்கிலாந்திலோ இந்தியாவிலோ குடிமைப் பணியில் சேரும் நோக்குடன் கணிதமும் வரலாறும் படித்தார். அவ்வழியே சென்றிருந்தால், அன்றைய தென் ஆற்காடு போன்ற ஏதோ ஒரு மாவட்டத்தில் ஆட்சியராக அமர்ந்து நிலவரிக் கணக்குப் பார்த்திருக்கவும் கூடும். ஆனால் கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் கற்பித்து வந்த மைக்கேல் பாஸ்டர் என்பவரின் வகுப்புகள் இவரை ஈர்த்தன. 1873 இல் இயற்கை அறிவியலுக்கு மாறி, 1874 இல் முதல் வகுப்பில் தேறினார். 1877 இல் திரித்துவக் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்றார். வாழ்நாள் முழுவதும் கேம்பிரிட்ஜிலேயே பணியாற்றினார். 1903 இல் பாஸ்டருக்குப் பின் உடலியங்கியல் பேராசிரியராகி, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார்.

உமிழ்நீர்ச் சுரப்பி ஆய்வுகள்

தென் அமெரிக்காவில் இருந்து வந்த ஜபொராண்டி என்னும் மூலிகையின் சாற்றைப் பாஸ்டர் தம் மாணவரிடம் அளித்து, அதன் விளைவுகளை ஆராயுமாறு பணித்தார். இச்சாறு இதயத் துடிப்பை மெதுவாக்கும். உமிழ்நீரையும் வியர்வையையும் பெருக்கும். ஊமத்தை இனச் செடிகளில் உள்ள அட்ரோப்பின் இதற்கு நேர் எதிரானது. அது வாயை உலரச் செய்யும்.

இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒன்றின் விளைவை மற்றொன்று நீக்குவதையும், எது வெல்லும் என்பது அவற்றின் அளவைப் பொறுத்தது என்பதையும் லாங்லி கண்டார். இரண்டும் ஒரே பொருளுடன் சேரப் போட்டியிடுகின்றன என்றால்தான் இது பொருந்தும். அப்பொருள் நரம்பு முனையிலோ சுரப்பியின் உயிரணுவிலோ இருக்கலாம் என்று 1878 இல் எழுதினார். இவ்விரண்டில் எது என்னும் கேள்விக்கு விடை காண இவருக்கு மேலும் 27 ஆண்டுகள் ஆயின.

சுரப்பியின் உயிரணுக்கள் ஓய்வில் இருக்கும்போது நுண்மணிகளைச் சேமித்து, சுரக்கும்போது அவற்றைச் செலவிடுகின்றன என்பதையும் உயிருள்ள திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இவர் விளக்கினார். இது தொடர்பாகச் செருமானிய அறிஞர் ஐடன்ஐனுடன் இவருக்கு நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது.

நிக்கொட்டினும் நரம்பு முடிச்சுகளும்

தண்டுவடத்தில் இருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் நரம்பிழைகள் நேரே செல்வதில்லை. வழியில் நரம்பு முடிச்சு என்னும் நரம்பணுத் தொகுப்பில் ஒன்று முடிந்து, மற்றொன்று தொடங்குகின்றது. ஆனால் எந்த இழை எந்த முடிச்சில் நிற்கிறது, எது நிற்காமல் கடந்து செல்கிறது என்பதை வெட்டிப் பார்த்து அறிவது மிகக் கடினமாக இருந்தது.

1889 இல் லாங்லியும் வில்லியம் லீ டிக்கின்சனும் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டனர். புகையிலையில் உள்ள நிக்கொட்டினை நரம்பு முடிச்சின் மேல் தூரிகையால் பூசினர். பின்னர் முடிச்சுக்கு முன் உள்ள நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் விளைவு ஏதும் இல்லை. முடிச்சுக்குப் பின் உள்ள நரம்பைத் தூண்டினால் வழக்கமான விளைவு கிடைத்தது. ஆகவே தடை ஏற்பட்டது முடிச்சில் உள்ள நரம்பணுக்களில்தான் என்பது தெளிவாயிற்று. நிற்காமல் கடந்து செல்லும் இழைகளை இப்பூச்சு பாதிக்கவில்லை. ஒரு மின்சுற்றில் ஒவ்வோர் இணைப்பாகத் துண்டித்து எது எங்கே செல்கிறது என்று அறிவதைப் போன்றது இம்முறை.

இம்முறையைக் கொண்டு அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக உடல் முழுவதற்கும் நரம்பு வரைபடத்தை இவர் உருவாக்கினார். 1898 இல் தன்னியக்க நரம்புத் தொகுதி என்னும் பெயரையும், 1905 இல் துணைப்பரிவு நரம்பு என்னும் பெயரையும் அளித்தார். குடலில் உள்ள நரம்பு வலையைத் தனிப் பிரிவாகக் கொண்டதும் இவரே. இன்றைய பாடநூல்களில் உள்ள பகுப்பு பெரும்பாலும் இவருடையதே.

இவ்வாய்வுகள் பூனை, முயல், கோழி, தவளை ஆகியவற்றின் மீது செய்யப்பட்டன. விலங்குகள் மீதான சோதனைகளை ஒழுங்குபடுத்தப் பிரித்தானியா 1876 இல் இயற்றிய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது.

அறுந்த நரம்பு மீண்டும் வளர்தல்

1895 இல் லாங்லி செய்த ஆய்வு நரம்புத் தொகுதியின் வளர்ச்சியைப் பற்றிய மற்றொரு அடிப்படைக் கேள்வியைத் தொட்டது. பூனையின் கழுத்தில் உள்ள பரிவு நரம்பை வெட்டி, அது மீண்டும் வளரும் வரை காத்திருந்தார். இந்நரம்பில் தண்டுவடத்தின் பல மட்டங்களில் இருந்து வரும் இழைகள் கலந்துள்ளன. மார்புப் பகுதியின் முதல் நரம்பில் இருந்து வருபவை கண்ணின் பாவையை விரியச் செய்யும். நான்காம் நரம்பில் இருந்து வருபவை காதின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும்.

அறுந்த இழைகள் ஒழுங்கின்றி வளர்ந்தால் இவை மாறிப் போயிருக்க வேண்டும். ஆனால் வளர்ந்த பின்னரும் முதல் நரம்பு கண்பாவையையும், நான்காம் நரம்பு காதையும் இயக்கின. ஒவ்வோர் இழையும் தனக்குரிய நரம்பணுவைத் தேடிச் சேர்ந்திருந்தது. இழைக்கும் அதனைப் பெறும் உயிரணுவுக்கும் இடையே ஏதோ ஒரு வேதி ஈர்ப்பு இருக்க வேண்டும் என்று லாங்லி கருதினார். இதையொத்த கருத்தைப் பிற்காலத்தில் ரோஜர் ஸ்பெரி விரிவாக்கி 1963 இல் வெளியிட்டார்.

ஏற்புப் பொருள்

நிக்கொட்டினைக் கோழியின் உடலில் செலுத்தினால் அதன் கால் தசைகள் சுருங்கி விறைத்து நிற்கும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரி என்னும் நஞ்சு அவ்விறைப்பை நீக்கிவிடும். குராரி நரம்பின் முனையைத் தாக்குகிறது என்பதே அன்றைய பொதுக் கருத்து. பிரான்சு நாட்டு அறிஞர் குளோது பெர்னார்டின் புகழ் பெற்ற ஆய்வுகள் அக்கருத்துக்கு அடிப்படையாய் இருந்தன.

லாங்லி தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டினார். வெட்டிய நரம்பின் முனைகள் முற்றிலும் சிதைந்து போகும் வரை காத்திருந்தார். அதன் பின்னர் நிக்கொட்டினைச் செலுத்தினார். தசை முன்போலவே சுருங்கியது. குராரியைச் செலுத்தினார். அச்சுருக்கம் நீங்கியது. நரம்பு முனையே இல்லாத தசையில் இவ்விரு நஞ்சுகளும் செயற்பட்டன என்றால், அவை சேரும் பொருள் தசையிலேயே இருத்தல் வேண்டும்.

மேலும், குராரி கொடுத்த தசையை மின்சாரத்தால் நேரே தூண்டினால் அது சுருங்கத்தான் செய்தது. ஆகவே சுருங்கும் பொறி பழுதடையவில்லை. நஞ்சைப் பெறும் பொருள் வேறு, சுருங்கும் பொருள் வேறு. முன்னதையே லாங்லி ஏற்புப் பொருள் என்றார். நரம்பில் இருந்து வரும் தூண்டுதலும் அப்பொருளின் வழியாகவே தசையை அடைகிறது என்றும் கூறினார்.

அட்ரினலின் சில உறுப்புகளைச் சுருங்கச் செய்கிறது, சிலவற்றைத் தளரச் செய்கிறது. பொருள் ஒன்றாயிருக்க விளைவு ஏன் மாறுகிறது? உயிரணுவில் உள்ள ஏற்புப் பொருள் வேறுபடுவதே காரணம் என்று லாங்லி விடையளித்தார். செய்தியின் பொருளை முடிவு செய்வது அனுப்புநர் அல்லர், பெறுநரே என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இக்கருத்தைப் பலர் உடனே ஏற்கவில்லை. பால் ஏர்லிச் நச்சுப்பொருட்கள் தொடர்பாக ஏற்பி என்னும் சொல்லை முன்பே பயன்படுத்தியிருந்தார். எனினும் மருந்துகளுக்கும் அது பொருந்தும் என்பதை லாங்லியின் ஆய்வுக்குப் பின்னரே ஒப்புக்கொண்டார். இதே துறையில் பெரும்பணி ஆற்றிய ஹென்றி டேல் நீண்ட காலம் இக்கருத்தை ஐயத்துடனேயே நோக்கினார். லாங்லியின் ஆய்வகத்தில் மாணவராய் இருந்த ஏ. வி. ஹில், நிக்கொட்டின் தசையில் செயற்படும் வேகத்தை அளந்து 1909 இல் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். ஏ. ஜே. கிளார்க் 1920 களில் இதனை மேலும் வளர்த்தார்.

இதழாசிரியர் பணி

பாஸ்டர் 1878 இல் தொடங்கிய உடலியங்கியல் ஆய்விதழ் கடனில் சிக்கியிருந்தது. 1894 இல் லாங்லி அதன் உரிமையையும் பொறுப்பையும் ஏற்று, இறக்கும் வரை 31 ஆண்டுகள் நடத்தினார். வளவளவென்ற எழுத்தை இவர் பொறுத்துக்கொள்ளமாட்டார். வரும் கட்டுரைகளைத் தாமே திருத்தி எழுதி அனுப்புவார். இதனால் பலர் மனவருத்தம் அடைந்ததும் உண்டு. சான்று எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டாத கட்டுரைகள் இவரிடம் தப்பவில்லை. இவருடைய கண்டிப்பே அவ்விதழ் உலகின் முன்னணி இதழாக உயரக் காரணமாயிற்று.

போர்க்காலமும் இறுதி ஆண்டுகளும்

முதல் உலகப் போரில் நரம்பு அறுபட்டுத் தசை மெலிந்த வீரர்கள் பெருந்தொகையாய் மருத்துவமனைகளுக்கு வந்தனர். லாங்லி சப்பானிய ஆய்வாளர்கள் சிலருடன் சேர்ந்து, நரம்பிழந்த தசை ஏன் மெலிகிறது, மின்தூண்டலால் அதைத் தடுக்க இயலுமா என்பன பற்றி ஆராய்ந்தார்.

இவர் 1902 இல் வேரா கேத்லீன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள். பனிச்சறுக்கிலும் தோட்டக்கலையிலும் லாங்லிக்குத் தேர்ச்சி இருந்தது. தன்னியக்க நரம்புத் தொகுதி பற்றிய நூலின் முதற்பகுதி 1921 இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி வெளிவரவே இல்லை. நுரையீரல் அழற்சியால் 1925 நவம்பர் 5 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார்.

சிறப்புகள்

1883 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1892 இல் அக்கழகத்தின் அரச பதக்கத்தையும், 1903 இல் பேலி பதக்கத்தையும் பெற்றார். நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. நரம்புத் தூண்டல் வேதிப்பொருள் வழியாகக் கடத்தப்படுவதை நிறுவியமைக்காக ஹென்றி டேலும் ஓட்டோ லோவியும் 1936 இல் அப்பரிசைப் பெற்றபோது, லாங்லி இறந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன.

வளரும் நரம்புத் தொகுதியும் ஏற்பிகளின் பன்மையும்

நரம்பை வெட்டிய தசையில் நஞ்சு செயற்படுவதை லாங்லி கண்டார். ஆனால் அத்தசையில் மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. நலமான தசையில் ஏற்பிகள் நரம்பு தொடும் சிறு இடத்தில் மட்டும் நெருங்கி உள்ளன. நரம்பை இழந்த தசையிலோ அவை மேற்பரப்பு முழுவதும் பரவுகின்றன. இதனை 1959 இல் ஆக்சல்சன், தெசிலெப் ஆகியோர் காட்டினர். எலியின் கருவிலும் அப்போது பிறந்த குட்டியிலும் தசை இதைப் போலவே பரவலான உணர்திறன் கொண்டிருப்பதை 1962 இல் டயமண்டு, மிலெடி ஆகியோர் கண்டனர். நரம்பை இழந்த தசை மீண்டும் கருவின் நிலையை ஓரளவு அடைகிறது எனலாம்.

வேறுபாடு இடத்தில் மட்டும் இல்லை, ஏற்பியின் அமைப்பிலும் உண்டு. தசையில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பி ஐந்து புரதத் துணை அலகுகள் வளையமாய் அமைந்த ஒரு வாயில் ஆகும். கருவில் அவற்றுள் ஒன்று காமா வகை. வளர்ந்த தசையில் அதன் இடத்தை எப்சிலான் வகை பிடிக்கிறது. கருவின் வாயில் நீண்ட நேரம் திறந்திருக்கும். ஆனால் ஒரு கணத்தில் அது கடத்தும் மின்னோட்டம் குறைவு. 1980 களில் சொசாகு நூமா, பெர்ட் சக்மன் ஆகியோரின் குழுக்கள் இதனைத் தெளிவாக்கின. ஒற்றை வாயிலின் மின்னோட்டத்தை முதன்முதலில் 1976 இல் நேகரும் சக்மனும் அளந்தது, லாங்லியின் சோதனையைப் போலவே, நரம்பு நீக்கிய தசையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

மூளையிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்கின்றன. குளூட்டமேட்டு ஏற்பிகளில் ஒரு வகையானது இளமையில் ஒரு துணை அலகைக் கொண்டிருந்து, வளர வளர வேறொன்றை ஏற்கிறது. காபா என்னும் வேதிப்பொருள் முதிர்ந்த மூளையில் நரம்பணுக்களை அடக்குகிறது. இளம் நரம்பணுக்களில் குளோரைடு மிகுந்திருப்பதால் அதே பொருள் பெரும்பாலும் அவற்றைத் தூண்டுகிறது. பெறும் உயிரணுவே செய்தியின் பொருளை முடிவு செய்கிறது என்னும் லாங்லியின் கருத்து இங்கும் பொருந்துகிறது.

இவ்வேறுபாடு ஓர் உயிரின் வாழ்வையே முடிவு செய்வதும் உண்டு. தசைக்களைப்பு நோயில் உடலின் எதிர்ப்பொருட்கள் தன் தசையின் ஏற்பிகளையே தாக்குகின்றன. அரிதாக, தாயின் எதிர்ப்பொருட்கள் கருவுக்குரிய காமா வகை ஏற்பியை மட்டும் தாக்கும். தாய்க்கு நோயின் அறிகுறி ஏதும் இராது. கருப்பையில் குழந்தை அசைய இயலாமல் மூட்டுகள் மடங்கிய நிலையில் பிறக்கும். இறந்து பிறப்பதும் உண்டு. காரணம் அறிந்தால் அடுத்த கருவுறுதலின் போது தாய்க்கு மருத்துவம் செய்ய வாய்ப்புள்ளது. தீக்காயம் பட்டோருக்கும் நரம்பு இழந்தோருக்கும் சக்சினைல்கோலின் என்னும் தசைத்தளர்வு மருந்தை மயக்க மருத்துவர்கள் தவிர்ப்பதும் ஏற்பிகள் தசை முழுவதும் பரவியிருப்பதால்தான். அம்மருந்தால் தசையில் உள்ள பொட்டாசியம் குருதியில் பெருகி இதயம் நின்றுவிடக்கூடும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இத்துறையில் இந்தியரின் பங்கும் உண்டு. பி. பி. தீட்சித் மூளையில் அசிட்டைல்கோலின் இருப்பதையும் அதன் செயலையும் பற்றி 1934 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இது லாங்லி நடத்திய அதே இதழில் வெளிவந்தது. தீட்சித் பின்னாளில் தில்லியில் 1956 இல் நிறுவப்பட்ட அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

லாங்லியின் சோதனைகளில் கண்ட நிகழ்வுகள் தமிழ்நாட்டின் வேளாண் பகுதிகளுக்கு அயலானவை அல்ல. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி போன்ற நெல்லும் கரும்பும் விளையும் வட்டாரங்களில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் அவசர நோயாளிகளில் பாம்பு கடித்தவர்களும் பூச்சிமருந்து உட்கொண்டவர்களும் உள்ளனர். இரண்டிலும் தாக்குதல் நடைபெறுவது நரம்பும் பெறும் உயிரணுவும் சந்திக்கும் இடத்திலேயே.

நல்ல பாம்பின் நஞ்சு குராரியைப் போலவே தசையின் ஏற்பியை அடைத்துவிடும். முதலில் கண் இமை சரியும், பின்னர் மூச்சுத் தசைகள் ஓயும். நச்சுமுறிவு மருந்துடன், அட்ரோப்பினும் நியோஸ்டிக்மினும் இதற்குக் கொடுக்கப்படுகின்றன. நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினின் அளவைக் கூட்டி நஞ்சுடன் போட்டியிடச் செய்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு பெரும்பாலும் நரம்பு முனையையே சிதைப்பதால் அங்கு நியோஸ்டிக்மின் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. செயற்கை மூச்சே உயிரைக் காக்கும். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நச்சுமுறிவு மருந்து உருவாக்கத் தேவையான நஞ்சை வழங்கி வருகின்றது.

ஆர்கனோபாஸ்பரசு வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. அதனால் அசிட்டைல்கோலின் அளவு மீறிப் பெருகும். அட்ரோப்பின் கொடுத்தால் உமிழ்நீர்ப் பெருக்கும் நுரையீரலில் நீர் சுரப்பதும் அடங்கும். ஆனால் தசையின் ஏற்பி வேறு வகையாதலால் அட்ரோப்பின் அதனைத் தொடுவதில்லை. நோயாளியின் வாய் உலர்ந்து, சுரப்பு நின்ற பின்னரும் மூச்சுத் தசைகள் ஓய்ந்து போகலாம். ஆகவேதான் தேறியதாகத் தோன்றும் நோயாளியையும் மருத்துவர்கள் சில நாட்கள் கண்காணிப்பில் வைக்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

- தன்னியக்க நரம்புத் தொகுதி
- அசிட்டைல்கோலின்
- நரம்புத்தசைச் சந்தி
- ஹென்றி டேல்
- ஓட்டோ லோவி
- தசைக்களைப்பு நோய்
- பாம்புக்கடி